இக்ஸீரும் இன்ஸுலினும்

நோன்பு மாதத்திற்குச் சற்று முந்திய ஒரு மாலைப் பொழுதில், அஸர் தொழுகை முடித்து, நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். பல்லாண்டுகளாக நீரிழிவால் வருந்தி வருபவர் அவர். இன்ஸுலின் ஊசியைத் தவறாமல் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று வீட்டார் கவலையுற்றிருந்தனர். பேச்சினிடையே அம்மூதாட்டியார், “ஹஜ்ரத், கோடை வந்துவிட்டது, மருந்து கெட்டுவிடக் கூடாதே என்று ஐஸ் உறைகிற தட்டிலேயே வைத்திருக்கிறேன்” என்றார்.

“உம்மா, அங்கே வைத்தால் மருந்தும் உறைந்து போகுமே” என்றோம்.

“உறைந்தால் என்ன? உருகவிட்டுத்தானே போடுகிறார்கள்” என்று அவர் அமைதியாக மறுமொழி கூறினார்.

பேரர் அன்றே மருத்துவரிடம் ஓடினார். உறைந்த குப்பிகளை எறிந்துவிடச் சொல்லிப் புதிய குப்பி கொடுத்தார் மருத்துவர். அந்த அம்மையார் இப்பொழுது நலமாயிருக்கிறார். ஆயின் வீடு திரும்பும் வழியெல்லாம் நம் மனத்தை ஒரு வினா குடைந்துகொண்டிருந்தது. முன்னர் நம்மிடம் ஓதி, இன்று ஆராய்ச்சிச்சாலை ஒன்றில் பணியாற்றும் மாணவர் ஒருவர், இதே இனத்தைச் சேர்ந்த பொருள்களை உறைநிலைக்கு 20 டிகிரி கீழே, சிலவற்றை 80 டிகிரி கீழே வைத்துக் காப்பதாக ஒருமுறை நம்மிடம் கூறியிருந்தார். வீட்டில் மருந்தைக் கெடுத்த அதே உறைகுளிர், ஆராய்ச்சிச்சாலையில் அதனைக் காப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு வரலாறொன்று நம் கண்முன் விரிந்தது. அதில் நம் அறபுச் சொற்கள் இரண்டும் குறுக்கே வந்து நின்றன.

முதலில் பொருள் இன்னதெனத் தெளிவோம். அமினோ அமிலம் என்னும் மணிகளைத் தஸ்பீஹ் மணிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் கிடைக்கும் சிறு மாலைக்குப் பெப்டைடு என்று பெயர். மாலை நீண்டு மடிந்து உருக்கொண்டால் அதனைப் புரதம் என்பர். இன்ஸுலின் இவ்விரண்டின் எல்லையில் நிற்பது. 21 மணிகள் கொண்ட ஒரு சரமும், 30 மணிகள் கொண்ட மற்றொரு சரமும் கந்தகப் பாலங்களால் பிணைக்கப்பட்டது. பேறுகாலத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோஸின் 9 மணிகளே உடையது. இவை உடலினுள் அணுவளவில் சுரந்து மலையளவு வேலை செய்பவை. உடலைவிட்டு வெளியே எடுத்தாலோ, வாடிப்போகும் மலரினும் மெல்லியவை.

இம்மென்மையை முதன்முதலாக உலகுக்கு உணர்த்தியது டொராண்டோ நகரத்து வரலாறு. கணையத்தை நீக்கினால் நாய்க்கு நீரிழிவு வருகிறது என்பதை 1889-இல் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் கண்டறிந்திருந்தனர். கணையத்தில் ஏதோ ஒரு சாறு இருக்கிறது, அதுவே சர்க்கரையை அடக்குகிறது என்பது தெளிவாயிற்று. ஆனால் முப்பதாண்டுக் காலம் எவராலும் அதனைப் பயன்படும் வகையில் பிரித்தெடுக்க இயலவில்லை. அதே கணையம் உணவைச் செரிக்கும் சாற்றையும் சுரப்பதாகும். கணையத்தை அரைக்கும்போது அச்சாறு மருந்தையும் சேர்த்துச் செரித்துவிடுகிறது என்றே அறிஞர் பலர் கருதினர். 1920 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு ஃபிரெடரிக் பான்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவருக்குத் தோன்றிய யோசனையும் இதனைச் சுற்றியதே. செரிமானச் சாறு செல்லும் குழாயைக் கட்டிவிட்டால் அச்சாற்றைச் சுரக்கும் பகுதி வாடிவிடும். எஞ்சியதிலிருந்து மருந்தை எடுக்கலாம் என அவர் எண்ணினார். 1921 மே மாதம் பேராசிரியர் மக்லியாடின் ஆராய்ச்சிச்சாலையில், சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரைத் துணைக்கொண்டு வேலை தொடங்கினார். பின்னர் நோக்கும்போது, குழாயைக் கட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. குளிர்ச்சியாக வைத்த புதிய கணையத்தை அமிலமும் சாராயமும் கலந்த நீரில் ஊறவைத்தாலே போதுமானதாயிருந்தது. தவறான யோசனை சரியான இடத்திற்கு வழிகாட்டிய விந்தைகளில் இதுவும் ஒன்று.

1922 ஜனவரி 11 அன்று, லெனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த பிள்ளை அவன். பயன் மிகச் சொற்பம். ஊசி போட்ட இடத்தில் கட்டி எழும்பிற்று. சாற்றில் கலந்திருந்த மாசுகளே காரணம். ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்ரசாயன அறிஞர் இரவு பகலாய் அதனைத் தூய்மை செய்ய முனைந்தார். சாராயத்தின் செறிவைப் படிப்படியாக உயர்த்தினால், ஓரளவு வரை மாசுகள் அடியில் படிகின்றன. மருந்து மேலேயே கரைந்து நிற்கிறது. செறிவு நூற்றுக்குத் தொண்ணூறைக் கடந்ததும் மருந்தும் தூளாய்ப் படிந்துவிடுகிறது. இதுவே அவர் கண்ட நுட்பம். ஜனவரி 23 அன்று அத்தூய மருந்தைச் செலுத்தியதும் சிறுவனின் சர்க்கரை இறங்கியது, முகம் தெளிந்தது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் செல்ல நம் மனம் ஒப்பவில்லை. காலிப் பயன்படுத்திய சாராயத்திற்கு ஐரோப்பியர் இட்டிருக்கும் பெயர் ‘ஆல்கஹால்’. இஃது அறபு மொழியின் ‘அல்-குஹ்ல்’ என்பதன் திரிபு. குஹ்ல் என்பது வேறொன்றுமன்று. நம் இல்லங்களில் கண்ணுக்கு இடும் சுர்மாவே. மிக மிக நுண்ணிதாய் அரைத்த தூளுக்கு முதலில் அப்பெயர் ஐரோப்பாவில் வழங்கிற்று. பின்னர் ஒரு பொருளின் தூய சத்துக்கு வழங்கிற்று. இறுதியில் மதுவை வடித்தெடுத்த சத்துக்கே நிலைத்துவிட்டது. நமக்கு விலக்கப்பட்ட ஒன்றுக்கு நம் சுர்மாவின் பெயர் சென்று சேர்ந்தது மொழியின் விளையாட்டு!

தாம்ஸனின் மீட்சியால் எழுந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சிறு பாத்திரத்தில் செய்தபோது கைவந்த மருந்து, பெரும் பாத்திரத்தில் செய்யப் புகுந்ததும் கைநழுவிற்று. காலிப்பே தாம் செய்ததைத் திரும்பச் செய்ய இயலாமல் தவித்தார். அந்தச் சில மாதங்களில் மருந்துக்கு ஏற்பட்ட பஞ்சத்தைப் பற்றிப் படிக்கும்போது நெஞ்சு பதைக்கிறது. வாசலில் சாகக் கிடக்கும் குழந்தைகளோடு பெற்றோர். உள்ளே, எப்படிச் செய்தோம் என்பதை மறந்துபோனவர் போல் அறிஞர்கள்! சாராயத்தை ஆவியாக்கி நீக்கும்போது வெப்பம் சற்றே கூடினாலும், அமிலத்தின் அளவு சற்றே மாறினாலும் மருந்து வீணாயிற்று. இவ்விரண்டையும் கட்டுக்குள் கொணர்ந்த பின்னரே, 1922 மே நடுவில், மருந்து மீண்டும் கிடைக்கலாயிற்று. செய்முறையைக் குறித்து வைப்பது, வெப்பத்தை அளந்து வைப்பது, அமிலத்தை அளந்து வைப்பது ஆகிய மூன்றும் ஆராய்ச்சிச்சாலைக்கு வெறும் ஒழுங்கு அல்ல, உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாண்டே அமெரிக்காவின் லில்லி நிறுவனம் மருந்தைப் பெருமளவில் செய்ய முற்பட்டது. அங்கும் ஒரு தொல்லை. குப்பியில் அடைத்த மருந்து வைத்திருக்க வைத்திருக்க வீரியம் குன்றியது. ஜார்ஜ் வால்டன் என்னும் ரசாயன அறிஞர் குப்பியின் அடியில் படிந்திருந்த வண்டலைக் கவனித்தார். அவ்வண்டலே மருந்து! குறிப்பிட்டதோர் அமில அளவில் இன்ஸுலின் நீரில் கரையாமல் படிந்துவிடும் தன்மையது. கெட்டுப்போன சரக்கு என்று கொட்டிவிடாமல் அதனை ஆராய்ந்தபடியால், இன்ஸுலினைத் தூய்மையாகப் பிரிக்கும் புதிய முறையே பிறந்தது. வைத்துக் காப்பதில் நேர்ந்த குறையிலிருந்து செய்யும் முறை பிறந்தமை இவ்வரலாற்றில் நமக்கு மிகப் பிடித்த பகுதியாகும்.

இனி, நம் வினாவின் மையத்திற்கு வருவோம். மருந்தின் அளவை எதனைக் கொண்டு அளப்பது? டொராண்டோவில் ஒரு யூனிட், லண்டனில் ஒரு யூனிட் என்று வேறுபட்டால், ஓரூர் மருந்து மற்றோர் ஊரில் நோயாளியைக் கொன்றுவிடும். முயல்களின் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்பதை வைத்தே அன்று அளந்தனர். முயலுக்கு முயல் வேறுபடுமன்றோ? ஆகவே, உலகமெங்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலப்படி தேவையாயிற்று. படிக்கல் மாறினால் வாணிபம் கெடும் என்பதை நாம் அறிவோம். இங்கே படிக்கல்லே நாளடைவில் கரைந்துபோகும் பொருள்! மாறாத படிக்கல்லை எப்படிச் செய்வது?

இதற்கு ஒரு முன்னோடி இருந்தார். 1897-இல், பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸில், பால் எர்லிக் தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நச்சுச் சீரத்திற்கு இத்தகைய படிக்கல்லை அமைத்திருந்தார். சீரத்தை உலர்த்தித் தூளாக்கி, கண்ணாடிக் குழாய் ஒன்றின் ஒரு கிளையில் இட்டார். மறு கிளையில் ஈரத்தை உறிஞ்சும் பாஸ்பரஸ் பொருளை இட்டார். காற்றை வெளியேற்றிக் குழாயை உருக்கி மூடி, குளிரிலும் இருளிலும் வைத்தார். நீர், காற்று, வெப்பம், ஒளி என்னும் நான்கு பகைவரையும் ஒருசேரத் தடுத்த அக்கண்ணாடிக் குழாயைத்தான் இன்றைய ஆராய்ச்சிச்சாலைப் பழக்கங்கள் அனைத்துக்கும் தாய் என்று நாம் சொல்லத் துணிகிறோம்.

இங்கிலாந்தின் ஹென்றி டேல் இவ்வழியையே இன்ஸுலினுக்கும் கொணர்ந்தார். உலர்ந்த இன்ஸுலின் தூள், ஒரு மில்லிகிராமுக்கு 8 யூனிட் என்று குறித்து, 1925-இல் உலகின் முதல் இன்ஸுலின் படிக்கல்லாக ஏற்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1935-இல், படிகமாக்கிய தூய இன்ஸுலின் மில்லிகிராமுக்கு 22 யூனிட் என்று அவ்விடத்தைப் பெற்றது. இன்றும் நோயாளி ஒருவர் ‘பத்து யூனிட்’ என்று சொல்லி ஊசி ஏற்றிக்கொள்ளும்போது, அந்த உலர்ந்த தூளின் வழிவந்த அளவையே சொல்கிறார்.

உலர்ந்த தூள் என்றதும் இரண்டாவது சொல் நம் நினைவுக்கு வருகிறது. ‘இக்ஸீர்’ என்ற அறபுச் சொல்லை அறியாதார் நம்மில் இல்லை. ரசவாதிகள் தேடிய அற்புத மருந்து; ஐரோப்பியர் ‘எலிக்ஸிர்’ என்று இன்பமான பானங்களுக்கெல்லாம் சூட்டிய பெயர். ஆனால் இச்சொல்லின் மூலம் கிரேக்க மொழியில் உலர்ந்த தூளைக் குறித்தது. புண்ணின் ஈரத்தை உறிஞ்சத் தூவும் மருந்துப் பொடி. பானம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கும் இக்ஸீர் உண்மையில் உலர்ந்த பொடியே!

பொடியாக்குவதிலும் ஒரு சங்கடம் உண்டு. நீரைப் போக்க வேண்டுமெனில் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் மருந்து கெடும். இதற்கு வழி, முதலில் உறையவைத்து, பிறகு காற்றகற்றிய பாத்திரத்தில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்குவது. கற்பூரம் உருகாமலேயே நாளடைவில் காற்றில் மறைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே பனிக்கட்டியும், காற்றழுத்தம் மிகக் குறைந்த இடத்தில், நீராகாமல் ஆவியாகிவிடும். எஞ்சுவது பஞ்சு போன்ற வெண்ணிறப் பொருள். ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ளாஸ்டார்ஃபும் மட்டும் 1935-இல் இம்முறையைச் சீரங்களுக்குச் செம்மையாக அமைத்து, ‘லையோஃபைல்’ என்று பெயரிட்டனர். இரண்டாம் உலகப் போரில் இரத்தத்தின் ஊனீரை உலர்த்திப் போர்முனைக்கு அனுப்பியது இம்முறையே.

நம் வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. உறைகுளிர் நன்மையா தீமையா என்று கேட்பதே பிழை. ‘நீரோடு இருக்கிறதா, நீரின்றி இருக்கிறதா’ என்று முதலில் கேட்க வேண்டும். நீரற்ற பொடியை எவ்வளவு குளிரில் வைத்தாலும் அதற்குத் தீங்கில்லை. பகைவர் உறங்கிக் கிடப்பர். நீரில் கரைந்த இன்ஸுலினை உறையவைத்தாலோ, நீர் பனிக்கட்டியாய்ப் பிரியும். மருந்து ஒதுங்கிய இடங்களில் நெருங்கிச் செறிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உருகிய பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலும் போகலாம். அந்த மூதாட்டியின் குப்பிகளுக்கு நேர்ந்தது இதுவே.

பொடியின் அருமையை உணர ஒரு செய்தி போதும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து தைராய்டை ஏவும் பெப்டைடைப் பிரிக்க முனைந்த கீமினும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 3,00,000 ஆடுகளின் மூளைப் பகுதிகளிலிருந்து ஒரே ஒரு மில்லிகிராம் பெற்றனர். 1969-இல் அதன் அமைப்புத் தெளிவாயிற்று, மூன்றே மணிகள்! ஒரு மில்லிகிராமைக் கைதவறிச் சிந்தினால், அல்லது ஈரம் படவிட்டால், அத்தனை உயிர்களும் அத்தனை ஆண்டு உழைப்பும் வீண். இவ்வச்சம் ஆராய்ச்சியாளரின் கைகளுக்குப் பணிவைக் கற்பித்தது. மெரிஃபீல்டு 1963-இல் மணிகளைப் பிசின் குருணை மீது ஒவ்வொன்றாகக் கோக்கும் முறையைக் கண்டபின், பெப்டைடுகள் எளிதில் செய்யக் கூடியனவாயின. அதற்காக அவர் 1984-இல் நோபல் பரிசு பெற்றார். பொருள் மலிந்தது, பணிவு குறையாதிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மேற்கூறிய மாணவரிடம் அவர் கையாளும் முறையை விரிவாகக் கேட்டோம். அவர் சொன்னவற்றில் சில எளியவை போல் தோன்றும். ஆயினும் ஒவ்வொன்றிற்கும் பின்னால் யாரோ ஒருவர் இழந்த பொருள் இருக்கிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறப்பதில்லையாம். ஈரமுறிஞ்சிப் பொருள் இட்ட மூடிய கலத்தில் வைத்து, அறையின் வெப்பத்தை அடையும் வரை காத்திருப்பாராம். குளிர்ந்த நீர்க்குவளை நம் ஊர்க் காற்றில் வியர்ப்பதைக் கண்டிருக்கிறோமல்லவா? குப்பியைக் குளிரோடு திறந்தால் அதே வியர்வை பொடியின் மேல் படியும். கரைத்தபின் ஒரே குப்பியில் வைத்துப் பலமுறை உறையவிட்டு உருக்குவதில்லை. ஒரு முறைக்கு ஒரு சிறு குப்பியாகப் பங்கிட்டே உறையவைக்கிறார். தானே பனி நீக்கிக்கொள்ளும் வகைப் பெட்டிகளையும் தவிர்க்கிறார். அவை இடையிடையே வெப்பமுற்று மீள்வதால் உள்ளிருப்பது சற்றே உருகி மீண்டும் உறையும். மாலையில் மெதியோனின், சிஸ்டின், டிரிப்டோஃபான் மணிகள் இருந்தால் காற்றுப் பட்டுக் கெடும் என்பதால் நைட்ரஜன் வாயுவை நிரப்பி மூடுவார். அஸ்பராஜின் மணி இருந்தாலோ, நீரில் அது தானே மாறுவதால், கரைத்த பின் நெடுநாள் வைப்பதில்லை.

எடை போடுவதைப் பற்றி அவர் சொன்னது நமக்குப் புதுமையாயிருந்தது. தராசில் காணும் எடை முழுதும் பெப்டைடு அன்றாம். அதில் ஒட்டிய ஈரமும் உப்பும் உண்டு. அதனைக் கழித்தே கணக்கிட வேண்டும். மேலும், அப்பஞ்சுப் பொடி மின்னூட்டம் பெற்று எளிதில் பறக்கும். புதிய பெப்டைடு ஒன்று மூச்சில் புகுந்தால் உடலில் என்ன செய்யும் என்பதை இதுவரை எவரும் சோதித்திராமல் இருக்கலாம். ஆகவே கையுறை, கண்ணாடி, காற்று உறிஞ்சும் அறை இவையின்றித் தொடுவதில்லை. முற்காலத்தில் குழாயை வாயால் உறிஞ்சியே கரைசலை அளந்தார்கள். அப்பழக்கம் ஒழிந்ததற்கு நாம் இறைவனுக்கு நன்றி செலுத்த வேண்டும்.

கண்ணாடியும் முழு நண்பன் அன்று என்பதைக் கண்டவர்களுள் ரோஸலின் யாலோவும் ஸாலமன் பெர்ஸனும் முன்னிற்பவர்கள். 1950-களில், நியூயார்க்கின் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில், கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்ஸுலினைக் கொண்டு ஆய்ந்தபோது, மிகச் சிறிய அளவில் கரைந்த இன்ஸுலின் கண்ணாடிச் சுவரிலும் தாளிலும் ஒட்டிக்கொள்வதை அவர்கள் கண்டனர். கரைசலில் ஒன்றுமே மிஞ்சாமல் சுவரே குடித்துவிடும் நிலை! சிறிதளவு ஆல்புமின் கலந்தால் சுவர் அதனால் நிரம்பி, மருந்து தப்பும். இரத்தத்திலுள்ள நுண்ணளவு இன்ஸுலினை அளக்கும் முறையை அவர்கள் வகுத்தபோது இவ்வெச்சரிக்கை பெரிதும் உதவிற்று. யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். பெர்ஸன் அதற்குள் காலமாகியிருந்தார்.

போர்க்காலத்து ஷாங்காயில் நடந்த ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். அகதியாய் அங்கு அடைக்கலம் புகுந்த ஏவா ஸாக்ஸல் என்னும் பெண்மணி நீரிழிவு நோயாளி. ஜப்பானியர் ஆட்சியில் இன்ஸுலின் கிடைக்காமல் போகவே, அவரும் கணவரும் பழைய மருத்துவ நூலொன்றைக் கொண்டு, எருமைக் கணையத்திலிருந்து தாமே மருந்து செய்யலாயினர். சீன அறிஞர் ஒருவர் தம் ஆராய்ச்சிச்சாலையில் இடமளித்தார். பழுப்பு நிறமாய் வந்த அச்சாற்றை முதலில் முயல்களுக்குச் செலுத்தி அளவு பார்த்தனர். பின்னர் பிறருக்குக் கொடுக்குமுன் அப்பெண்மணி தமக்கே செலுத்திக்கொண்டார். அம்மருந்தால் பலர் போர் முடியும்வரை உயிர் தரித்தனர். கருவிகள் குறைவாயிருந்த இடத்திலும் அளந்து பார்க்கும் ஒழுங்கை அவர்கள் கைவிடவில்லை.

நம் குடும்பங்கள் நெடுங்காலம் தயங்கிய ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுவோம். இன்ஸுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டு வந்தது. ‘பன்றியிலிருந்து எடுத்ததைப் போட்டுக்கொள்ளலாமா?’ என்று கேட்டுக்கொண்டு முதியோர் பலர் ஆலிம்களை நாடியதுண்டு. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தின் சட்டத்தைக் கொண்டு, மாற்று இல்லாதவிடத்து, அறிஞர் பலர் அதனை அனுமதித்தனர். 1982-இல், நுண்ணுயிரின் துணையால் செய்த மனித இன்ஸுலின் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, படிப்படியாக உலகெங்கும் பரவிற்று. இன்று அவ்வினாவே பெரும்பாலும் எழுவதில்லை. ஐயத்தால் மருந்தை விட்டுவிட்டு மாண்டவர்களை நினைத்தால் மட்டும் மனம் கனக்கிறது.

இக்காலத்தில் புதிதாய் ஓர் ஆபத்து முளைத்திருக்கிறது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அன்று’ என்று ஒட்டிய பெப்டைடுக் குப்பிகளை வாங்கி, தசை பெருக்கவும் உடல் இளைக்கவும் தமக்குத் தாமே ஊசி ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பெருகி வருகின்றனர். அக்குப்பியிலுள்ள பொடி, ஆராய்ச்சிக் குழாய்க்குப் போதுமான தூய்மை உடையதாயிருக்கலாம். கிருமி நீக்கப்பட்டதென்றோ, இரத்தத்தில் சேர்ந்தால் காய்ச்சல் உண்டாக்கும் கிருமி நச்சு அற்றதென்றோ அதற்கு உறுதி கிடையாது. வழியில் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்பதையும் எவரும் அறியார். கெய்ரோவில் 1260-இல் கூஹீன் அல்-அத்தார் என்னும் யூத மருந்து வணிகர், தம் மகனுக்காக அறபு மொழியில் ‘மின்ஹாஜுத் துக்கான்’ என்ற நூலை எழுதினார். மருந்துச் சரக்கை எப்போது சேகரிப்பது, எத்தகைய கலத்தில் வைப்பது, ஒவ்வொன்றும் எத்துணைக் காலம் வீரியத்தோடு இருக்கும், போலியை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் அதில் விளக்கியிருக்கிறார். அங்காடிகளில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி மருந்து விற்போரைக் கண்காணிக்கும் ஏற்பாடும் அக்காலத்தில் இருந்தது. எழுநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர் ஒருவர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கை, இன்று ஊசி ஏற்றிக்கொள்ளும் பட்டதாரிக்கு இல்லையே!

பேறுகாலத்து மருந்தாகிய ஆக்ஸிடோஸினின் கதை இன்னும் துயரமானது. வின்சென்ட் டு விக்னோ 1953-இல் நியூயார்க்கில் அதனைச் செயற்கையாகச் செய்து காட்டி, 1955-இல் நோபல் பரிசு பெற்றார். பிரசவத்திற்குப் பின் இரத்தம் நில்லாமல் பெருகும்போது தாயைக் காப்பது இம்மருந்து. இதுவும் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டியதே. மின்சாரம் நிலையாக இல்லாத மருத்துவ நிலையங்களில், அலமாரியில் கிடந்து வீரியம் குன்றிய மருந்தை நம்பித் தாயொருத்தி கண்மூடிய நிகழ்ச்சிகளுக்குக் கணக்கு யார் வைத்தார்? மருந்து கொடுக்கப்பட்டது என்றுதானே ஏட்டில் இருக்கும். வெப்பம் தாங்கும் வகையில் செய்த கார்பெடோஸின் என்னும் மாற்றுப் பெப்டைடை 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களுக்குக் கொடுத்து ஆராய்ந்த முடிவு 2018-இல் வெளியாயிற்று. இரத்தப் பெருக்கைத் தடுப்பதில் ஆக்ஸிடோஸினுக்கு அது தாழ்ந்ததன்று என்பது தெரியவந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்ஸுலினுக்கும் வெயிலுக்கும் உள்ள வழக்கு இன்னும் முற்றாக முடியவில்லை. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில், உறைதட்டைத் தொடாமல் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்தும் குப்பியை வெயில் படாத இடத்தில், பெரும்பாலும் நான்கு வாரம் வரை, அறை வெப்பத்திலேயே வைக்கலாம் என்பது பொதுவான விதி. ‘அறை’ என்று எழுதியவர்கள் எந்நாட்டு அறையை மனத்தில் கொண்டார்கள் என்று நாம் வியப்பதுண்டு. வடக்குக் கென்யாவின் ததாப் அகதி முகாமில், பெரும்பாலும் சோமாலிய முஸ்லிம்களாகிய மக்கள், குளிர்பெட்டி இல்லாத காரணத்தால், ஊசி போட்டுக்கொள்வதற்காகவே நாள்தோறும் மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருந்தது. எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் அம்முகாமின் குடில்களில் வெப்பம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதை அளந்தன. பகலில் 37 டிகிரி வரை ஏறி, இரவில் 25 டிகிரி வரை இறங்கிற்று. அதே ஏற்ற இறக்கத்தை ஆராய்ச்சிச்சாலையில் உண்டாக்கி, பலவகை இன்ஸுலின் குப்பிகளை நான்கு வாரம் வைத்துச் சோதித்தனர். குளிரில் வைத்த குப்பிக்கும் இதற்கும் வீரியத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 2021-இல் அறிவித்தனர். முகாமின் நோயாளிகள் தங்கள் குப்பியைக் குடிலுக்கே எடுத்துச் செல்லவும், அங்கேயே ஊசி போட்டுக்கொள்ளவும் அதனால் வழி திறந்தது.

மூதாட்டியின் வீட்டுக்கு மறுமுறை சென்றபோது இதனைச் சொன்னோம். “அப்படியானால் ஐஸ் தட்டும் வேண்டாம், அலைச்சலும் வேண்டாம் என்கிறீர்கள்” என்றார். புதுக் குப்பி, குளிர்பெட்டியின் நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், சிறு டப்பாவில் இருந்தது. டப்பாவின் மேல் திறந்த நாளின் தேதியைப் பேரர் எழுதி ஒட்டியிருந்தார்.